குயோனி புதைந்த இடம்

சிங்கம் காலையில் பல் விளக்கி, பிடரியை வாரிக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் பாதையோரம் வந்து நிற்கும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்களோ, மாரா சரணாலயத்தில் வண்டி ஓட்டி வழி காட்டும் குயோனிக்குப் பத்தொன்பது வருஷமாக அது விளங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அந்த நினைப்பில்தான் வந்து இறங்குகிறார்கள். புல்லைப் பார்க்க யாரும் வருவதில்லை. மாராவில் முக்கால்வாசி இருப்பதோ புல்தான்.

இந்த வாரம் அவன் வண்டியில் ஏறியவர்கள் ஹாலந்துக்காரர் வில்லெமும் அவர் மனைவி ஹன்னேக்கேயும். வில்லெம் குளியலறைக்கு ஓடு விற்று ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் வைத்திருந்தார். அதில் ஐந்து கட்டங்கள். யானை, சிங்கம், எருமை மூன்றுக்கும் டிக் விழுந்துவிட்டது. காண்டாமிருகத்துக்கு அரை டிக். தூரத்தில் தெரிந்தது காண்டாமிருகமா பாறையா என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. (பாறைதான். குயோனி வாயைத் திறக்கவில்லை.) சிறுத்தைக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"இன்னிக்குத்தான் கடைசி நாள், குயோனி," என்றார் வில்லெம், வண்டியில் ஏறும்போதே.

"தெரியும் சார்."

"சிறுத்தை."

"பார்க்கலாம் சார்."

"நேத்தும் பார்க்கலாம்னுதான் சொன்னீங்க."

"நேத்து நாம பார்க்கல சார். அது நம்மளப் பார்த்திருக்கும்."

ஹன்னேக்கே சிரித்தாள். வில்லெம் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே காட்டு மாடுகள் ஆற்றைக் கடப்பதைக் காட்டச் சொல்லி, அது ஜூலையில் நடக்கும், இது நவம்பர் என்று பதில் வந்ததிலிருந்து குயோனிதான் மாடுகளைத் தடுத்து வைத்திருக்கிறான் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வாரமாக இருந்தால் குயோனி இதையெல்லாம் தூசுபோல் தட்டிவிட்டிருப்பான். இந்த வாரம் முடியாது. முகாமின் மேனேஜர் கெமுண்டோ மேடம் போன வாரம்தான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீயும் கொடுத்துச் சொல்லியிருந்தாள். டீ கொடுத்தாலே விஷயம் மோசம் என்று அர்த்தம். அவன் பேரில் ரெண்டு புகார் இருக்கிறதாம். ஒன்று, சாணி உருட்டும் வண்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியது. இன்னொன்று, ஒட்டகச்சிவிங்கி ரொம்ப தூரத்தில் நின்றது.

"ஒட்டகச்சிவிங்கி தூரமா நின்னா நான் என்ன மேடம் செய்ய? கயிறு கட்டி இழுக்கவா?"

"எனக்குத் தெரியாது குயோனி. மூணாவது புகார் வந்தா வேன்தான்."

வேன் என்றால் வெள்ளை வேன். மண் ஓடுபாதையில் இறங்கும் சின்ன விமானத்திலிருந்து பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முகாமுக்கு வர வேண்டும். இருபது நிமிஷம். மறுபடி போக வேண்டும். மறுபடி இருபது நிமிஷம். மாராவுக்குள் இருந்துகொண்டே மாராவைப் பார்க்காமல் சாக அதைவிட நல்ல வழி கிடையாது.

குயோனிக்கு வேறு வேலையும் தெரியாது. எட்டு வயதில் அப்பாவின் கன்றுக்குட்டி தொலைந்து, ஈர மண்ணில் குளம்படியைப் பிடித்துக்கொண்டே அரை நாள் நடந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தவன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு அவனை விட்டுவிட்டது. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ ஒரு விருந்தாளி மறந்துவிட்டுப் போன அட்டை கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு நானூறு பறவைகளின் பெயரை மனப்பாடம் செய்தான். வழிகாட்டிப் பரீட்சையில் ரெண்டு தடவை தோற்றான், பறவை தெரியாமல் இல்லை, எழுத்துக்கூட்டத் தெரியாமல். மூன்றாவது தடவை தேறிய அன்று வாங்கிய பித்தளை வில்லையை இன்றைக்கும் சட்டையில் குத்தியிருக்கிறான். தினமும் எச்சில் தொட்டுத் துடைப்பான். தலெக் சந்தையில் சப்பாத்திக் கடை போட்டிருக்கும் அவன் மனைவி நஷிபாய் சொல்வாள்: "சாணி வண்டப் பத்தி ஒரு மணி நேரம் பேசு. பேச வேண்டிய எடத்துல மட்டும் வாய்க்குப் பூட்டு போட்டுக்க."

பேச வேண்டிய இடத்தில் பூட்டுப் போட்டதுதான் இப்போதைய வினை.

மாராவில் தெருவும் கிடையாது, வீட்டு எண்ணும் கிடையாது. ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்த பெயர்கள்தான் விலாசம். ஒருவனுக்கு ஓர் இடத்தில் மானம் போனால் அந்த இடம் அவன் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்படும். வண்டி குதித்தபோது ஒரு ஜெர்மன் தாத்தாவின் பல்செட்டு எகிறி விழுந்து, அதைக் கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போன இடம் பல்செட்டு வளைவு. யானை துரத்தியபோது இன்னோர் ஓட்டுநர் முசியோகா கண்ணீர் விட்ட இடம் முசியோகா அழுத மரம். கண்ணில் தூசி விழுந்தது என்று முசியோகா பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருத்தரும் நம்பவில்லை.

சட்டம் ஒன்றே ஒன்று. கண்டவன் ரேடியோவில் சொல்ல வேண்டும். இன்றைக்கு நீ சொன்னால் நாளைக்கு நான் சொல்வேன். ஒளித்தவனுக்கு ஊர் ரேடியோவில் காது கிடையாது.

குயோனி ஒளித்தான். போன மாதம் தெற்கே ஒரு கைவிட்ட பாதையோரம் ஒரு சிவிங்கிப்புலியையும் (சிறுத்தை வேறு, இது வேறு; இது ஓட்டக்காரி) நாலு குட்டிகளையும் பார்த்தான். அப்போது வண்டியில் இருந்தவர்களிடம் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். அவர்களும் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் முசியோகாவின் விருந்தாளிகளிடம் போட்டோவை மட்டும் காட்டினார்கள்.

ஒளித்தவன் ஓர் ஆடு வாங்கி வெட்டி, எல்லாருக்கும் சுட்டுக் கொடுத்து, தப்புத்தான் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். அதுதான் வழக்கம். குயோனி, "எது தப்பு? ஆடெல்லாம் கிடையாது," என்றான். ஏன் ஒளித்தான் என்பதையும் சொல்லவில்லை. ஓட்டுநர்கள் பார்த்தார்கள். தாங்களே ஓர் ஆடு வாங்கினார்கள். அதைத் தின்றுகொண்டே மாராவில் இருந்த அத்தனை இடத்துக்கும் புதுப்பெயர் வைத்தார்கள், குயோனிக்குத் தெரியாமல்.

அதனால் அன்று காலை எட்டு மணிக்கு ரேடியோ இப்படிக் கரகரத்தது:

"சிறுத்தை. சிறுத்தை. கருகின ஈரல் தாண்டி இடது பக்கம். மரத்து மேல."

"கொழுப்பு வழியா வரவா, எலும்பு வழியா வரவா?"

"எலும்பு வழியா வா, தண்ணி கம்மி."

வில்லெமுக்கு ஸ்வாஹிலியில் மிருகங்களின் பெயர் மட்டும் தெரியும், விமானத்தில் உட்கார்ந்து படித்திருந்தார். "சிறுத்தைன்னு சொன்னாங்க! நான் கேட்டேன்! எங்கயாம்?"

கருகின ஈரல் எங்கே இருக்கிறது என்று பத்தொன்பது வருஷம் மாராவில் ஓட்டியவனுக்குத் தெரியவில்லை. குயோனிக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் கடித்திருப்பான்.

"கொஞ்சம் தூரம் சார்," என்றான்.

சிங்கத்தைத் தேடுவதைவிட வண்டியைத் தேடுவது சுலபம். மூன்று வண்டி ஓரிடத்தில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். குயோனி ஒரு மேட்டில் ஏறி, தொலைநோக்கியை வைத்துச் சுற்றிலும் துழாவினான். கிழக்கே ஓர் அத்தி மரம். அதன் அடியில் மூன்று வண்டிகள், கூரையைத் தூக்கிவிட்டு நின்றன. உள்ளிருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை முறித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மிதித்த மிதியில் ஹன்னேக்கேயின் தொப்பி பறந்தது.

போய்ச் சேர்ந்ததும் முசியோகா உதட்டில் விரல் வைத்து உஸ் என்றான். பிறகு மெதுவாக மேலே காட்டினான். இலைகளுக்கு நடுவே, தாழ்ந்த கிளையில், மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகள். வில்லெம் சீட்டின் மேலேயே ஏறி நின்றார். கேமரா தையல் மெஷின்போல் அடித்தது.

"வால ஆட்டுது!" என்று கிசுகிசுத்தார். தாளை எடுத்து, மடி பிரித்து, காலிக் கட்டத்தில் டிக் போட்டார். பெரிய டிக். பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறியது.

குயோனிதான் முதலில் பார்த்தான். வாலின் நுனியில் ஒரு துணி லேபிள் இருந்தது. முசியோகாவின் வண்டியில் இருந்த ஒரு பெண்ணின் சால்வை அது.

மூன்று வண்டிகளும் சிரிப்பில் வெடித்தன. விருந்தாளிகள்கூடச் சிரித்தார்கள், ஒருவர் அழுதேவிட்டார்.

"என்ன மாட்டுக்காரா!" என்று கத்தினான் முசியோகா, சால்வையை உருவிக்கொண்டே. "ரேடியோல நாலு பேருக்குச் சொல்லிடு, சிறுத்தை பார்த்துட்டேன்னு. இதையும் ஒளிச்சு வச்சுக்கப் போறியா?"

"உன் மரம் அங்க இருக்கு, போய் அழு," என்றான் குயோனி.

வில்லெம் தாளை முழங்காலில் வைத்து, டிக்கின் மேல் குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார். பேனா தாளைக் கிழித்தது. நாற்பத்தேழு போட்டோ, எல்லாம் சால்வை. குயோனி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது புகார் அங்கேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

"சார்," என்றான். "சிறுத்தை இல்ல. அதைவிட நல்லது ஒண்ணு காட்டுறேன்."

சொன்ன வாயை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் வெள்ளை வேன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு தடவை, ஒரே வண்டி, தூரத்தில் நிறுத்திப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். யாரும் பின்னால் வராமல் இருக்க மேட்டுப் பாதையை விட்டுவிட்டு ஓடையோரத்துப் பழைய தடத்தில் இறக்கினான். மேலே காய்ந்து வெடித்திருந்தது. காய்ந்துதான் இருக்கிறது என்று கரிசல் மண்ணை நம்பினான், கரிசலிலேயே பிறந்து வளர்ந்தவன். கோபத்தில் இருக்கும் ஆளுக்குக் கண் ரெண்டும் அலங்காரத்துக்குத்தான். முன் சக்கரம் ரெண்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. பின்னுக்கு எடுத்தான். பின் சக்கரமும் இறங்கியது. வண்டி வயிற்றை மண்ணில் வைத்து உட்கார்ந்துகொண்டது.

"அருமை," என்றார் வில்லெம்.

மணி பதினொன்று. குயோனி ரேடியோவைக் கையில் எடுத்தான். விருந்தாளியோடு வண்டி புதைந்தால் பகையாளியும் வந்து இழுக்க வேண்டும், அதுவும் சட்டம்தான். பொத்தானை அழுத்தப் போனவன் அப்படியே நின்றான்.

இருநூறு அடி தள்ளி, ஒரு கரையான் புற்றின் மேல், அந்தச் சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தாள். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ரெண்டு நாளாவது தின்றிருக்க மாட்டாள். புற்றின் அடியில் குட்டிகள்: ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. நாலும் இருந்தன. ஓடைக்கு அப்பால் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தத் தகர டப்பா இனி நகராது என்று தெரிந்துகொண்டவள்போல் திரும்பிக்கொண்டாள்.

இப்போது ரேடியோவில் பேசினால் கால் மணியில் முசியோகா வருவான். அவன் பின்னால் நாலு வண்டி. அந்த நாலைப் பார்த்து இருபது.

"கூப்பிடுங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார் வில்லெம்.

"இது பள்ளம் சார். சிக்னல் எடுக்காது. மேகம் கலையட்டும்."

மேகத்துக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஓடு விற்றவர் யோசித்தார். தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு ஆனது. முட்டையும் வாழைப்பழமும் தீர்ந்தன. ஒரு மணிக்கு ஹன்னேக்கே தயங்கித் தயங்கி, "டயர் பார்க்கணும்," என்றாள். காட்டில் ஒன்றுக்குப் போவதற்கு அதுதான் பேர், முதல் நாளே குயோனி சொல்லிக் கொடுத்தது. பின்பக்கக் கதவை ஓசையில்லாமல் திறந்து, வண்டிக்கு மறைவிலேயே முழங்கால் அளவு சேற்றில் அவளை இறக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றான். திரும்பி ஏறும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ரேடியோ நிஜமாவே எடுக்கலையா?"

குயோனி அவள் செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் வழித்துவிட்டான். "எடுக்கும் மேடம்."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒருத்தி. மூணு குட்டி. நான்தான் முதல்ல பார்த்தேன், நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். இருபத்திமூணு வண்டி. அவ மான் பின்னாடி ஓடுறா, ஒரு வண்டி குறுக்க போகுது. குட்டிங்க மூலைக்கு ஒண்ணா சிதறிடுச்சு." அவன் குச்சியைத் தூர எறிந்தான். "இதுங்க தாய் கூப்பிடுறது பறவை கத்துற மாதிரி இருக்கும் மேடம். ரெண்டு நாள் கூப்பிட்டுக்கிட்டே திரிஞ்சா. நானூறு பறவை எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம்."

ஹன்னேக்கே போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ரேடியோவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தபோது, அவர் தொடையில் கை வைத்து, "பாரு," என்றாள்.

சிவிங்கிப்புலி புற்றிலிருந்து இறங்கிவிட்டிருந்தாள். புல்லோடு புல்லாகத் தலையைத் தாழ்த்தி, ஓர் அடி, நிறுத்தம், ஓர் அடி. குட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அசையாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அரை மணி நேரம் அப்படியே போனாள். பிறகு ஓடினாள். எண்ணிப் பத்து மூச்சு. தூசி எழுந்தது, மான் கூட்டம் கிழிந்தது, தூசி அடங்கியபோது ஒரு மானின் கழுத்து அவள் வாயில் இருந்தது. குறுக்கே எந்த வண்டியும் போகவில்லை. அவள் இரைத்துக்கொண்டே, கீச்சென்று ஒரு தடவை கூப்பிட்டாள். நாலு குட்டிகளும் வண்டியை ஒட்டிய ஈர மண்ணில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடின.

குயோனி மூக்கை உறிஞ்சினான். கண்ணில் தூசி.

"ரொம்ப நல்லா இருந்துது," என்றார் வில்லெம், நிஜமாகவே. கொஞ்சம் பொறுத்து, "ஆனா இது லிஸ்ட்ல இல்லையே," என்றார்.

தாய் குட்டிகளோடு தின்று முடித்து, குட்டிகளின் முகத்தை நக்கித் துடைத்து, நீண்ட புல்லுக்குள் போய் மறையும்வரை குயோனி ரேடியோவைத் தொடவில்லை. மூன்று மணிக்குத் தொட்டான். அதே பள்ளம், அதே மேகம். முதல் அழுத்தலிலேயே கணீரென்று எடுத்தது. வில்லெம் தலையைத் திருப்பி அவனை வெகுநேரம் பார்த்தார்.

"குயோனி பேசுறேன். புதைஞ்சுட்டேன். விருந்தாளி இருக்காங்க."

கரகரப்பு. கரகரப்புக்குள் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். பிறகு முசியோகா: "எங்க புதைஞ்ச, மாட்டுக்காரா? கருகின ஈரல்கிட்டயா?"

"கருகின ஈரல் எங்க இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்!"

முசியோகா தனியாகத்தான் வந்தான், இரும்புக் கயிற்றோடு. கெட்டி மண்ணில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவன், கயிறு மாட்டக் குனிந்தபோது ஈரத்தில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தான். உள்ளங்கைகூட நிரம்பாத சின்னச் சின்னத் தடங்கள். நாலு வரிசை.

"எத்தனை மணிக்குப் புதைஞ்ச?"

"பதினொண்ணு."

"இப்ப மூணு." முசியோகா நிமிர்ந்தான். "நாலு மணி நேரம் சேத்துல உக்காந்திருக்க. ரெண்டு வெள்ளைக்காரங்களை வச்சுக்கிட்டு."

"ஆமா."

"ஒரு ஆடு வாங்கியிருந்தா போச்சு. இதைச் சொல்லியிருந்தாகூடப் போச்சு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"இழுடா முதல்ல."

"இழுக்குறேன், இழுக்குறேன். கழுதைக்குப் பொறந்தவனே," என்றான் முசியோகா, ஆனால் மெதுவாக. கயிற்றை மாட்டிவிட்டு, அந்தத் தடங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான்.

மறுநாள் வில்லெம் முகாமின் கருத்துத் தாளை ஒழுங்கான கையெழுத்தில் நிரப்பினார். சிறுத்தை காட்டப்படவில்லை. பதிலாகச் சால்வை காட்டப்பட்டது. நாலு மணி நேரம் சேற்றில். ரேடியோ வேலை செய்யவில்லை என்று வழிகாட்டி பொய் சொன்னார். எல்லாம் உண்மை, ஒரு வார்த்தை மிகையில்லை. கடைசியில், ஓரத்தில், வேறு கையெழுத்தில், இந்தப் பயணத்திலேயே நல்ல நாலு மணி நேரம் அதுதான் என்று பொடியாக எழுதியிருந்தது. கெமுண்டோ மேடம் மதிப்பெண் கட்டத்தை மட்டும்தான் படிப்பாள். டீ கொடுத்தாள். குயோனி குடிக்கவில்லை.

திங்கட்கிழமை வேன்.

ஜனவரியில் மழை ஓய்ந்து மண் பிஸ்கட்டாகக் காய்ந்துவிட்டது. குயோனி ஓடுபாதைக்கும் முகாமுக்கும் நடுவே பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். பித்தளை வில்லை இன்னும் சட்டையில் இருந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்று ஏறிய புதுக் குடும்பம் கதவு சாத்துவதற்கு முன்பே ஆரம்பித்தது:

"முதல்ல என்ன பார்க்கலாம்?"

"உங்க பெட்டி," என்றான் குயோனி. "அப்புறம் உங்க ரூம்."

வேனிலும் ரேடியோ இருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்: "அண்ணே, தெக்க ஓடையோரம் ஒரு பழைய தடம் தெரியுதே, அதுல இறங்கலாமா?"

"எங்க, குயோனி புதைஞ்ச எடத்துக்கா?" முசியோகாவின் குரல். "அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காத தம்பி. வண்டிய முழுசா முழுங்கிடும். பத்தொன்பது வருஷம் ஓட்டின மூதேவியே அங்கதான் கவுந்தான்."

"இப்பதான் மழையே இல்லையே அண்ணே?"

"மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது அடியில ஊறுற தண்ணி. வேணும்னா ஜோசப்கிட்ட கேளு."

"ஆமாடா, ஊறுது," என்றது இன்னொரு குரல், நெஞ்சறிந்த பொய்யை நிதானமாக. "என் வண்டிகூட ஒரு தடவை."

குயோனிக்கு ரத்தம் தலைக்கேறியது. பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை புதைந்தான். இனி அவன் செத்த பிறகும் அந்த இடம் அந்தப் பேரில்தான் கிடக்கும். நாய்ப் பயல்கள். மைக்கைப் பிடுங்கி எடுத்தான். முசியோகாவின் மரத்தைப் பற்றி, யானையைப் பற்றி, அந்தக் கண்ணீரைப் பற்றி மூச்சு விடாமல் சொல்ல வாயைத் திறந்தான்.

"யாரு லைன்ல?" என்றான் புதுப் பையன்.

குயோனி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"குயோனிதான். போயிடாத," என்றான். "இடுப்பு வரைக்கும் சேறு."